இருபத்திமூன்றாம் படி

ஒப்பந்தம் மலையாளத்தில் இருந்தது.
எனக்குப் பேசத் தெரியும், சண்டை போடவும் தெரியும்.
படிக்கத் தெரியாது.
ஐந்நூறு ரூபாய்ப் பத்திரம் சேர்த்துப் பதினொரு பக்கம்.
ஒவ்வொன்றின் அடியிலும்
ஆ. ஆறுச்சாமி, ஆ. ஆறுச்சாமி என்று
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேகத்தில் போட்டேன்.
கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில்
சாத்துண்ணியின் மாடிக் கட்டடம்.
கீழே ஆறு கடை, மேலே ஒரு பேங்க் வரும் என்றார்.
பேங்க் வந்துவிட்டது.
என் கடைசி பில்தான் வரவில்லை.

மாடிப்படி கிழக்கே என்பது பிளான்.
தூண் எழும்பி, பீமுக்குப் பலகை அடித்த பிறகு
ஒரு புதன்கிழமை, பரோட்டாக் கடையில் வைத்து
'கோணிப்படி தெக்கோட்டு மாற்றாம்' என்றார்.
'ரெண்டே முக்கால் லட்சம் கூட ஆகுமுங்க.'
'அதினெந்தா.'
'ஒரு லெட்டர் மட்டும் குடுத்தீங்கன்னா...'
'எந்தா ஆறுச்சாமீ, என்டெ வாக்கு போரே?'
இரண்டு பேர் விரலும் சால்னாவில் நனைந்திருந்தது.
அந்த விரலிடம் யார் கையெழுத்துக் கேட்பது.

சித்தூர் முன்சீப் கோர்ட்டுக்கு எதிரில்
வக்கீல் ரஹ்மத் பீவி, வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் பெண்,
பதினான்காம் ஷரத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்:
எழுத்தில் உத்தரவில்லாத கூடுதல் வேலைக்குப் பணமில்லை.
பத்தொன்பது: தாமதமானால் நாளொன்றுக்கு மூவாயிரம் பிடித்தம்.
'மணல் லாரியைக் கோபாலபுரம் செக்போஸ்ட்டில்
பதினேழு நாள் நிறுத்தி வைத்தார்களே.'
விரலை ஒரு வரி கீழே நகர்த்தினார்.
வெள்ளம் உண்டு, பூகம்பம் உண்டு, யுத்தம் உண்டு,
தெய்வச் செயல் என்று முடிகிறது.
'செக்போஸ்ட் தெய்வமில்லைங்க.'
அன்றைக்கு அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.
வழக்கு நடக்க வேண்டிய ஊரும் சித்தூர்தானாம், பொள்ளாச்சி இல்லை.
அதுவும் என் கையெழுத்துக்கு மேலேயே இருக்கிறது.

ஆகவே, காகிதப்படி அந்தப் படிக்கட்டு இல்லை.
இல்லாத படியில் ஏறித்தான்
நகை அடகு வைக்கப் போகிறது ஊர்.
இல்லாத படியில் இறங்கி வந்து
மேனேஜர் நாலு மணிக்கு டீ குடிக்கிறார்.
எனக்குத் தராமல் நிறுத்திவைத்த ஐந்து சதவீதம்
அதே பேங்க்கில், சாத்துண்ணி பேரில், வட்டி தின்று கிடக்கிறது.

கம்பி கட்டிய மருதாசலம் போன் அடித்தபடி இருக்கிறான்.
அவனுக்கு நாற்பத்தாறாயிரம் பாக்கி.
படி மாறிய வாரம், கட்டுக்கம்பியை முறுக்கிக்கொண்டே
'ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துருங்கண்ணா' என்றான்.
நான் என்ன சொன்னேன் என்பதை
வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை.
தமிழில் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோர்ட் அனுப்பிய கமிஷனர் சனிக்கிழமை வந்தார்.
மீசை இன்னும் கூடிவராத வக்கீல்.
டேப்பின் ஒரு முனையை என்னையே பிடிக்கச் சொன்னார்.
அகலம், உயரம், கைப்பிடி நீளம்.
பிறகு ஏறிக்கொண்டே எண்ணினார்.
'இருபத்திரண்டு.'
'இருபத்திமூணுங்க. அடிப்படி தரைக்குள்ள இருக்குது.
டைல்ஸ் போடறப்ப ஆறங்குலம் தரையை ஏத்தச் சொன்னாரு.'
'அதுக்குக் கடிதம் உண்டோ?'

இருபத்திரண்டு என்று எழுதினார்.
எழுதவாவது எழுதினார். முதல்முறையாக
என் படிக்கட்டு ஒரு காகிதத்தில் ஏறியது.
மேலே நின்ற சாத்துண்ணி
கைப்பிடியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மறுபடி மருதாசலம்.
இந்த முறை எடுத்தேன்.
பணம் கேட்கவில்லை.
'எத்தன படின்னு எழுதுனாங்கண்ணா?'
சொன்னேன்.
செக்போஸ்ட் தாண்டும்வரை பேச்சில்லை.
லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.
'அடியில இருக்கறதுல
பன்னெண்டு எம்எம் எட்டுக் கம்பிங்கண்ணா' என்றான்.