இரண்டு பேர் வேண்டிய வேலை

தொங்காட்டில் ஜூலை.
கரும்புக்காடு எரிகிறது.
இடதுபக்கக் கதவுக்கு நீலம் அடித்து
அரைமணிகூட ஆகவில்லை,
சாம்பல் வந்து உட்கார்ந்தது
பலகாரத்தில் ஈ உட்கார்வதுபோல.
ஊதினேன், ஒட்டிக்கொண்டது.
துடைக்கப்போய் இழுவிவிட்டேன்.

எழுபத்து நாலாம் வருடத்து பியூஜோ,
இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி, பக்கி.
வெருலத்தில் ஒரு கோழிப்பண்ணையில்
செங்கல்மேல் நின்றது.
எண்ணாயிரம் ராண்டும்
ஓடாத வாஷிங்மெஷின் ஒன்றும் கொடுத்து
கட்டி இழுத்து வந்தேன்.
இருக்கைப் பஞ்சுக்குள் மூன்று முட்டை.
விற்றவர் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பதினாறு மாதம்.
சர்க்கரை ஆலையில் சம்பளக் கணக்கு எழுதும் கை
சனி ஞாயிறில் கிரீஸுக்குள்.
கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும்
ஐஸ்கிரீம் டப்பாவில்,
டப்பாமேல் என் கிறுக்கல்:
'வலது கதவு, மேல் கீல்'
'ரேடியேட்டர், ஒன்று குறைகிறது'
'எங்கிருந்து வந்தது? தெரியவில்லை'.
அந்தக் கடைசி டப்பாதான்
நிறைந்துகொண்டே போனது.

மணல்தாளில் தேய்க்கத் தேய்க்க
வெள்ளைக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே
யாரோ தூரிகையால் எழுதிய கடைப்பெயரில் பாதி:
'அண்ட் சன்ஸ்'.
அப்பன் பெயர் துருவோடு போயிருந்தது,
மகன்கள் மட்டும் மிச்சம்.
இரண்டு கோட் போதும் அதை மறைக்க.
நான் மூன்று அடித்தேன்.

எஞ்சினை நானே ஏற்றினேன்,
பக்கத்துத் தெரு பெகியின் சங்கிலிக் கப்பியை இரவல் வாங்கி.
கையேடு பிரெஞ்சில் இருந்தது, படம் பார்த்துச் செய்தேன்.
முன்கண்ணாடியை ரப்பரில் உட்காரவைக்க
ஒரு கயிறும் சோப்புத் தண்ணீரும் போதும்.
பிடிவாதம் இருந்தால்
எல்லாவற்றையும் தனியாகச் செய்யலாம்,
பிரேக்கிலிருந்து காற்றை எடுப்பதைத் தவிர.

அதற்கு ஒருவர் உள்ளே, பெடலில்.
ஒருவர் கீழே, சக்கரத்தில்.
பெகிக்கு டர்பனில் இரவு ஷிஃப்ட்.
இரண்டு வாரம் பார்த்தேன்.
பிறகு குபேந்திரனுக்கு ஒரு வரி அனுப்பினேன்.

என் தம்பி.
அம்மாவின் வீட்டை விற்றதிலிருந்து
ஆறு வருடம் பேச்சில்லை.
வக்கீல்கள் பேசினார்கள்,
மணிக்கு இவ்வளவு என்று.

வந்தான். அக்கா என்று சொல்லவில்லை.
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
பின்சக்கரத்தின் அடியில் படுத்தான்.
பக்கக் கண்ணாடியில் அவன் செருப்பு மட்டும் தெரிந்தது,
குதிகால் ஒருபுறமாய்த் தேய்ந்து.

"அழுத்து" என்றான்.
அழுத்தினேன்.
"பிடி."
பிடித்தேன். கால் மெல்ல உள்ளே போனது,
இருட்டில் இல்லாத படியில் வைத்தமாதிரி.
"விடு."

கோர்ட்டில் ஆங்கிலம் பேசியவர்கள் நாங்கள்,
அதற்கு முன்னால் வீட்டில் போட்ட சண்டையும் அதிலேதான்.
இந்த மூன்று சொல்
எந்த டப்பாவில் கிடந்ததோ.

தூரத்துச் சக்கரம் முதலில், கிட்டத்தது கடைசியில்.
எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
போனை வெளிச்சத்துக்காக வாயில் கவ்விக்கொண்டான்.
அப்புறம் அழுத்து 'ஆஉத்து' ஆனது,
பிடி என்ன ஆனது என்று சொல்லமுடியாது.
நான் சிரிக்கவில்லை.
பெடலில் கால் நடுங்கியது, அவ்வளவுதான்.

"இன்னும் குமிழி வருது" என்றான்.
ஒன்று. ஐந்து.
கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
தீர்ந்தது என்று நினைக்கையில்
இன்னொன்று.

நாலாவது சக்கரத்தில்
பெடல் கல்லாய் நின்றது.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.
வெளிச்சத்தைக் கதவுமேல் அடித்தான்.
"இதைத் தேய்ச்சுட்டுத் திரும்ப அடிக்கணும்."
"தெரியும்."
"எண்ணூறாம் நம்பர் தாள் இருக்கா?"
"இல்ல."
இருந்தது, அலமாரியில்
பிரிக்காத ஒரு கட்டு.

"பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு
எட்டாம் நம்பர் ஸ்பானரைச்
சட்டைப்பையில் போட்டபடி போனான்.

அது என்னுடையது.