கெட்டிலுக்குப் பின்னால் தீப்பெட்டி

சுவா ஏரி இந்தக் குளிரிலும் உறையவில்லை.
ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில்
எப்போதும்போல் இருபத்திரண்டு பாகை,
இலை அசையாத காற்று.

பன்னிரண்டாயிரம் வில்லைகள்,
ஒவ்வொன்றும் கடுகில் பாதி.
ஈயின் கண்ணைத் தட்டித் தட்டித் தகடாக்கியதுபோல் ஒரு பலகை,
அதன் முதுகோடு ஒட்டிய திரை.
வில்லைக்கு ஒன்றாய் அடியில் குட்டிப் படங்கள்:
அதே மேசை, அதே கெட்டில்,
ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை தள்ளி நின்று பார்த்தது.
பன்னிரண்டாயிரம் சாட்சிகள்.
ஒருவர் சொல்வதை இன்னொருவர் சொல்லவில்லை.
யாரும் பொய்யும் சொல்லவில்லை.

முதல் வாரம் எல்லாம் குழிந்துபோனது.
கெட்டிலின் மூக்கு சுவருக்குள் புகுந்தது.
பின்னால் வைத்த தீப்பெட்டி முன்னால் வந்து உட்கார்ந்தது.
இயக்குநர் ஒகிட்சுவின் முகம்
மாவில் அழுத்திய அச்சாய் உள்வாங்கி
எங்களைப் பார்த்துப் புன்னகைத்தது.
வில்லை கண்டதைக் கண்டபடி திருப்பிச் சொன்னால்
அருகு தொலைவாகும், தொலைவு அருகாகும்.
பழைய கோளாறு, மருந்தும் பழையது:
படத்தை மொத்தமாய்த் திருப்பக் கூடாது.
ஒவ்வொரு குட்டிப் படமும்
தன் இடத்திலேயே தலைகீழாக வேண்டும்.
பன்னிரண்டாயிரம் சிரசாசனம்.
நிரல் எழுத ஒரு பகல்.
எந்தப் படத்தின் மேல் எந்த வில்லை என்று நேராக்க
எனக்குப் பதினோரு இரவு.

பிறகு பார்வையாளர்கள் வந்தார்கள்.
நாற்காலியில் உட்கார்ந்து
மூக்கின் மேல் தடவிப் பார்த்தார்கள்.
கண்ணாடி வேண்டாம் என்றோம்.
"ஆ" என்றார்கள்.
"கொஞ்சம் மங்கல்" என்றார்கள்.
உண்மைதான், கொசுவலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கெட்டில்.
படிவத்தில் ஐந்துக்கு மூன்று.
முதுகு நிமிர்த்தி, கை மடியில் வைத்து,
பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்கள்போல்
ஒருவரும் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை
காற்று வடிகட்டி மாற்ற வந்தார் தொகாஷி.
நாற்பது வயதிருக்கும், வலது இமை மூடியே இருக்கும்.
பள்ளிக்கூடத்து பேஸ்பால் பந்து என்று
கேட்கும் முன்பே சொல்லிவிடுகிற பழக்கம்.
ஏணியை மடக்கியவர் திரைமுன் நின்றார்.
இது இரண்டு கண் உள்ளவர்களுக்கு என்று
சொல்ல வாயெடுத்தேன்.
நல்லவேளை, இருமல் வந்தது.

அவர் இடப்பக்கம் சாய்ந்தார். வலப்பக்கம் சாய்ந்தார்.
குனிந்து மெல்ல எழுந்தார்,
கிளைக்குப் பின்னால் பழம் தேடும் பறவைபோல.

"பின்னால் ஒரு தீப்பெட்டி இருக்கிறது.
சரியாக மூடவில்லை.
ஒரு குச்சியின் தலை, சிவப்பாக."

அந்தப் பெட்டியை வைத்தவளே நான்.
கேமரா அறைக்கு ஓடிப் பார்த்தேன்.
மூடவில்லை. சிவப்புதான்.

திரும்பி வந்தபோதும் அவர் ஆடிக்கொண்டிருந்தார்.
"மகளோடு முப்பரிமாணப் படத்துக்குப் போவேன்.
அவள் காற்றில் கைநீட்டி மீன் பிடிப்பாள்.
எனக்கு அது சுவர்.
பாப்கார்ன் தின்றுவிட்டு வருவேன்.
இது மட்டும் எப்படி?"

ஒளி இங்கே தன் தன் வழியில் கிளம்பி நிற்கிறது,
நீங்கள் நகர்ந்து போய் எடுத்துக்கொள்கிறீர்கள்,
ஒரு கண் போதும் என்றேன்.
சொன்னபிறகுதான் எனக்கே கேட்டது.

"வீட்டிலும் அப்படித்தானே" என்றார்.
"தேநீர் ஊற்றும்போது தலையை ஆட்டிக்கொண்டேதான் ஊற்றுவேன்,
கோப்பை எங்கே இருக்கிறதென்று தெரிய.
எல்லாவற்றுக்கும் சரி சொல்கிற மனுஷன் என்பாள் மனைவி."

இன்னும் ஓரடி வலப்பக்கம் வைத்தார்.
படம் துள்ளி உடைந்தது, இரண்டு அரைக் கெட்டில்கள்.
அதுதான் எல்லை என்றேன்.
யார் வீட்டு வாசலையோ மிதித்துவிட்டதுபோல்
சட்டென்று பின்வாங்கி
கெட்டிலிடம் "மன்னிக்கவும்" என்றார்.

வடிகட்டிக்கான ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.
அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.
திரைமுன் கிடந்த நாற்காலியை
வெளியே எடுத்துப்போய் நடையில் வைத்தேன்.
ஒகிட்சு கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.