இருபத்தொன்பதாம் சென்டிமீட்டர்

செம்பவாங் கரையோரம்
இடுப்பளவு சேற்றில் நின்று ஹஃபிஸா இறக்கிய குழாய்
அறுபது சென்டிமீட்டர் கடலடியை
மேலே கொண்டுவந்தது.
கரும்பு மாதிரி இருக்கிறது, என்றாள்.
கரும்பு இப்படி
அழுகிய முட்டையாய் நாறாது.

ஆய்வுக்கூடத்தில் அதை
சென்டிமீட்டருக்கு ஒரு வில்லையாக அரிகிறேன்.
வில்லைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு புட்டி.
வயது சொல்ல ஈயம் இருக்கிறது,
இருபத்திரண்டு ஆண்டுக்கொருமுறை பாதியாய்த் தேயும் ஈயம்,
கடலடியின் பஞ்சாங்கம்.
நான் தேடுவது வெள்ளீயம்.

ரசம் கொதிக்கும் ஈயச்சொம்பில் இருப்பதும்
இதே வெள்ளீயம்தான். பரம சாது.
நாலு நாலு கரியாகக் கோத்த கை மூன்றை
அதற்கு ஒட்டவைத்தால்
வேறு பிறவி எடுக்கும்.
சாயத்தில் கலந்து கப்பலின் அடிவயிற்றில் பூசினால்
கொட்டலசு ஒட்டாது, பாசி ஒட்டாது,
எண்ணெய் மிச்சம், பயணம் விரைவு.
கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் கசிவதுதான்
அந்தப் பூச்சுக்கு வேலையே.

வெயில் பட்டால் கைகள் ஒவ்வொன்றாய் உதிரும்,
மறுபடி சாதுவாகிவிடும்.
காற்று நுழையாத சேற்றில்
யாருக்கும் அவசரமில்லை.
மூன்று கைகளையும் மடித்துக்கொண்டு
பத்தாண்டு, இருபதாண்டு உறங்கும்.

மேல் வில்லைகளில் கருவி வாய் திறக்கவில்லை.
'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்று எழுதினேன்.
பூஜ்யம் என்று எழுத
எங்களுக்கு அனுமதியில்லை.
பதினேழில் ஒரு மேடு தொடங்கிற்று.
இருபத்தொன்பதில் கோடு
திரையின் கூரையை முட்டியது.
ஐயோ, இது எந்த வருஷம், என்றாள் சியூ பெங்.
கணக்குப் போட்டேன்.
அப்பாவுக்கு ஓவர்டைம் கொட்டிய வருஷம்.

இதே கரையில், உலர்துறையில்,
மூச்சு முட்டுகிறதென்று முகமூடியைக்
கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு
செஞ்சாயம் தெளித்தவர்.
மூன்று நாளில் ஓர் எண்ணெய்க் கப்பலை முடிப்பார்.
காதுமடலுக்குப் பின்னால்
எந்தச் சோப்புக்கும் மசியாத துருநிறப் பிறை.
ஈசூன் மூவறை வீட்டின் தவணை,
அக்காவின் பாலிடெக்னிக் கட்டணம்,
எனக்கு வாங்கிய முதல் உருப்பெருக்கி
எல்லாம் அந்த ஒரு வில்லையில்,
கிராமுக்கு ஆயிரத்துச் சொச்சம் நானோகிராம்.

அலமாரியின் கீழ்த்தட்டில்
அந்தக் காலத்துக் கடல்நத்தைகள் புட்டிகளில் ஊறுகின்றன.
பெட்டைகள்தான். ஆனால்
வெள்ளீயம் குடித்து ஆண்குறி முளைத்தவை.
முட்டை வெளிவர வழி அடைபட்டு
உள்ளேயே கறுத்துப்போனவை.

எங்கள் வீட்டில் மூன்றும் பெண்.
'ஒரு பையன் பிறந்திருக்கலாம்' என்று
அத்தைமார் உச்சுக்கொட்டிய அதே ஆண்டுகளில்
அப்பா கடல் முழுக்க
ஆண்பிள்ளை தெளித்துக்கொண்டிருந்தார்.

மதியம் தொலைபேசியில் கேட்டார், இன்று என்ன வேலை?
சேறு, என்றேன்.
சேற்றுக்குக்கூடச் சம்பளம் தருகிறார்களா, என்று சிரித்தார்.
சிரிப்பின் நடுவில் அந்த இருமல்.
சாப்பிட்டீர்களா, என்று கேட்டு வைத்துவிட்டேன்.

வெள்ளீயத்துக்குத் தடை வந்தபின்
செம்பு பூசுகிறார்கள்.
மேல் மூன்று வில்லைகளில் செம்பு ஏறியிருக்கிறது.
இந்தத் திட்டம் அதைக் கேட்கவில்லை.
தனித்தாளில் குறித்து
இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அறிக்கையின் கடைசி வரியில்
பகுப்பாய்ந்தவர் பெயர்,
அடையாள அட்டையில் உள்ளபடி, முழுதாக.
கோதை, வீரணன் மகள்.
கட்டம் சிறியது. என் கையெழுத்து பெரியது.
என் பெயர் உள்ளே அடங்கிற்று.
அவர் பெயர் கோட்டைத் தாண்டி
'மூலம்' என்று அச்சிட்ட
பக்கத்துக் கட்டத்தில் போய் விழுந்தது.

அடித்துவிட்டு
வேறு படிவம் எடுத்தேன்.