எட்டாம் நாள்

பரந்தன் சந்தி தாண்டி எங்கள் கழுவுமிடம்.
பழைய இரும்புக்காரனிடம் வாங்கிய
கறுப்புக் கார்க் கதவொன்றை வேலியில் சாய்த்து
நடுவில் ரேப் ஒட்டினேன்.
இடப்பக்கம் கொழும்பால் வந்த டின் மெழுகு,
விலையைச் சொன்னால் நிரோஜினி கொப்பியை மூடுவாள்.
வலப்பக்கம் போத்தலில் விசிறுவது.

முதல் நாள் இரண்டிலும் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.
"கலியாணக் காருக்குப் பின்னேரம் வரை மினுங்கினால் காணும்"
என்றாள். அதுவும் சரிதான்.

பிறகு கிறவல் புழுதி,
கிணற்று உப்புத் தண்ணீர்,
தார் உருகும் வெயில்.

எட்டாம் நாள் காலை துடைத்து வைத்தேன்.
ஒரு புலுனி, கதவோடு சண்டை.
கொத்திக் கொத்தித்
தன்னைத் தானே விரட்டுகிறது,
ரேப்புக்கு இடப்பக்கம் மட்டும்.
வலப்பக்கம் அதற்கு யாருமே இல்லை.

நிரோஜினி கொப்பியைத் திறந்தாள்.
"ஒரு டின்" என்றாள்.
"சின்னது."