மூக்கில் மிளகு

மியூசியம் ஸ்டேஷனில் இறங்கினால்
தூண்களெல்லாம் மம்மிகள்.
மார்பில் கையைக் கட்டிக்கொண்டு
டொராண்டோ ரயில் போவதையே பார்த்து நிற்கும்.
வெளியே மைனஸ் பதினெட்டு.
எனக்கோ மூக்கு ஒழுகுது.

வழிகாட்டி ஒடெட் சொன்னார்:
முதலில் மூளை.
கொக்கி போட்டு, மூக்கு வழியே.
“சீ!” என்ற யதுஷா இன்னும் கிட்டே போனாள்.
குடலும் ஈரலும் ஜாடிக்குள்.
நெஞ்சை மட்டும் எடுக்கமாட்டார்கள்,
அங்கே போனதும் ஓர் இறகுக்கு எதிரே
தராசில் நிறுப்பார்களாம்.
பிறகு உப்பு, நாற்பது நாள்.
கருவாடு ஞாபகம் வந்தது.
வாயைத் திறக்கவில்லை.

ராம்சேஸ் என்று ஒரு ராஜா.
இங்கே இல்லை, எகிப்தில்தான் இருக்கிறார்.
கல்லறைக்குள் திருடர்கள் வந்து
தங்கத்தை வழித்துக்கொண்டு போனார்கள்.
மூக்குக்குள் யாரும் தேடவில்லை.
எக்ஸ்ரேதான் கண்டுபிடித்தது:
மிளகு!
நைல் கரையில் விளையாத மிளகு,
தென்னிந்தியாவிலிருந்து
கடல் கடந்து போன மிளகு.

காலையில் அம்மா
என் சளிக்கு இடித்துப் போட்டாளே,
ரசத்தின் அடியில் கிடந்ததே,
அதே கறுப்பு.

நினைத்ததும் மூக்கு கூசியது.
அடக்கினேன். அடக்கினேன்.
அ… அ… அச்!
கண்ணாடிப் பெட்டி முழுக்கப் புகை.

“நூறு!” என்றாள் யதுஷா,
வீட்டுப் பழக்கத்தில்.

உள்ளே படுத்திருப்பவளுக்கு வயது
இரண்டாயிரத்து எண்ணூறு.
மூடியில் தீட்டிய கண் இரண்டும்
கொட்டாமல் என்னைப் பார்த்தன.
ஸ்வெட்டர் கையை இழுத்து
கண்ணாடியைத் துடைத்தேன்,
அவள் முகம் இருந்த இடத்தில் மட்டும்
கொஞ்சம் மெதுவாக.