சிவப்பு எரிந்தால்

கரடிப்போக்குச் சந்திக்குப் பின்னால்
ஒரே கூரை, இரண்டு அறை, எங்கள் கம்பனி.
முன்னறையில் விற்பவர்கள். குளிரூட்டி உண்டு.
பின்னறையில் நாங்கள், ஈயம் உருகும் புகை,
கழுத்து முறிந்த ஒரு மின்விசிறி.
இடையில் ஒரு கதவு.
யாரும் பூட்டியதில்லை, யாரும் திறந்ததுமில்லை.

நான் செய்தது சின்னப் பெட்டி.
மண்ணில் குத்தினால் ஈரம் சொல்லும்.
அதன் நெற்றியில் ஒரு விளக்கு:
ஈரம் போதுமென்றால் சிவப்பு.
ஏன் சிவப்பென்று எவரும் கேட்கவில்லை,
நானும் என்னைக் கேட்கவில்லை.
மீளக் குடியேறிய வருடம்
பள்ளிக்கூடம் போகிற வழி நெடுக
மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள்.
சிவப்பென்றால் நில்.
என் பாதம் படித்த முதல் எழுத்து அது.

துண்டுப்பிரசுரம் எழுதியவன் கஜரூபன்.
வத்தளையில் வளர்ந்தவன்.
அவனுக்குச் சிவப்பென்றால் அம்புலன்ஸ்,
ஓடு, உடனே ஏதாவது செய்.
அழகான எழுத்தில் அச்சடித்தான்:
"சிவப்பு எரிந்தால் பயிருக்குத் தாகம்.
தாமதியாமல் தண்ணீர் விடுங்கள்."
மூவாயிரம் பிரதி. பின்னறைக்கு ஒன்றும் வரவில்லை.
நானும் குற்றமற்றவள் என்று சொல்லமாட்டேன்.
பதினெட்டுப் பக்கக் குறிப்பு அனுப்பியிருந்தேன்,
விளக்கு ஆறாம் பக்கத்தில்,
அடிக்குறிப்பாய்,
ஆங்கிலத்தில்.

விசுவமடுவிலிருந்து அழைப்பு வந்தது.
"விடவிட எரியுது. நானும் விட்டுக்கொண்டே இருக்கிறன்.
மிளகாய் எல்லாம் மஞ்சளாகுது."

ஒரே மோட்டார் சைக்கிள். பரந்தனில் திரும்பினோம்.
தருமபுரம் வரைக்கும் பேச்சில்லை.
பிறகு தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஏதோ சொன்னான்,
காற்றுக் கொண்டுபோனது.
"என்ன?" என்றேன்.
"ஒன்றுமில்லை" என்றான்.
நாலு மாதமாய் எங்கள் கூட்டங்கள் நடந்ததும்
இப்படித்தான்.

அருந்தவச்செல்வியின் தோட்டத்தில் கணுக்கால் சேறு.
நாற்பத்திரண்டு கன்று வேரழுகிச் சாய்ந்து கிடக்க
நடுவில் பெட்டி மட்டும்
கடமை தவறாமல் சிவப்பாய் எரிந்தது.
"ஆரை நான் ஏசிறது?" என்றாள்.
என் விரல் அவன் பக்கம் எழும்பிற்று,
அவனுடையது என் பக்கம்.
பாதி வழியில் இரண்டும் கண்டுகொண்டன.
"ஆளை முடிவெடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ.
அதுக்கு முதல் தண்ணியை வெட்டிவிடுங்கோ"
மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தாள்.
அதைப் பிடித்தபடியே
"எந்தப் பக்கம் வெட்ட?" என்று என்னைக் கேட்டான்.
வேலையில் சேர்ந்த நாள்முதல்
அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

திரும்பி வந்து கதவடியில் ஒரு வாங்கு போட்டோம்.
ஒரு சொல்லுக்கு மூன்று மணித்தியாலம்.
"போதிய ஈரப்பதம்" என்றேன். கொட்டாவி விட்டான்.
"பூமித்தாய் குளிர்ந்தாள்" என்றான்.
நான் சிரித்த விதம் சரியில்லை, மன்னிப்புக் கேட்டேன்.
கடைசியில் விளக்கைக் கழற்றிவிட்டுச்
சின்னத் திரையில் எழுதினோம்: போதும்.
"திரைக்கு நூற்றெண்பது ரூபா கூட."
"அதை நான் வித்துத் தாறன்."

இன்னமும் சண்டைதான்.
போன கிழமையும் பொங்கலுக்கு முதல் ஐம்பது பெட்டி என்று
யாருக்கோ வாக்குக் கொடுத்தான்.
ஆனால் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு
கதவால் எட்டி "ஏலுமே?" என்றான்.
"ஏலாது" என்றேன்.
"முப்பது?"
விரல்மடித்து எண்ணிப் பார்த்தேன்.

நாற்பத்திரண்டு மிளகாய்க் கன்றின் பற்றுச்சீட்டு
கணக்குப் பார்க்கும் டிலோஜினியின் மேசையில் கிடக்கிறது.
"இது தொழில்நுட்பமோ, விற்பனையோ?"
மூன்று முறை கேட்டுவிட்டாள்.
அவளுடைய கணினியில்
இரண்டே இரண்டு கட்டங்கள்தான்.