ஏழாம் பத்தி

க்ளாஸ்டர் துறைமுகத்தில் ஏப்ரல் மழை.
பூட்டிய வங்கியின் வாகன நிறுத்தத்தில்
கார்க் கண்ணாடியை நாலு விரல் இறக்கினாள்
அல்டா சில்வேரா, வயது எண்பத்து மூன்று.
உயிலை உள்ளே நுழைத்தேன்.

சாட்சி இருவர் வேண்டும்.
ஒருத்தி என் குமாஸ்தா, குடைக்குள்.
இன்னொருவருக்காக எட்டு வீட்டை அழைத்தோம்.
எல்லோருக்கும் இருமல் பயம்.
வந்தவன் ஓரின், பக்கத்து வீடு.
மார்ச்சிலிருந்து அவள் படியில் பால் வைத்து
மணியடித்துவிட்டு ஓடுகிறவன்.

ஏழாம் பத்தியில் படகு அவனுக்கு.
சாட்சி போட்டால் அது கிடைக்காது என்று
முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினேன்.
காற்று பாதியைக் கொண்டுபோனது.

"போகட்டும் படகு."
கோப்பைத் தொடையில் வைத்து,
தன் பேனாவால் போட்டான். மை ஊறியது.

என் பேனாவை அவள் திருப்பி நீட்டினாள்.
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்,
தொற்றுக்குப் பயந்து.

கை வெளியே வந்தது,
ஓரின் பக்கம்.